பூட்ஸ் கேட்டவர்களும் புத்தகம் கேட்டவனும்

'ரோஜாவின் பெயர்' படத்தை நான் முதலில் பார்த்தது ஒரு திரைப்படச் சங்கத் திரையிடலில். முடிந்ததும் டீக்கடையில் நின்று நள்ளிரவு வரை பேசினார்கள் தோழர்கள். எல்லாருடைய பேச்சும் நூலகத்தைச் சுற்றியே. அறிவை மறைக்கும் அதிகாரம், சிரிப்பைக் கண்டு பயப்படும் மதம், பிரதிக்குள் பிரதி. அப்போது குறியியலும் பின்நவீனத்துவமும் நம் சிறுபத்திரிகைகளில் கொடிகட்டிப் பறந்த காலம். உம்பர்த்தோ எக்கோவின் பெயரைச் சொல்லாவிட்டால் படிப்பாளி இல்லை. நான் ஒண்ணும் பேசவில்லை. எனக்கு அந்த நூலகம் மனசிலேயே நிற்கவில்லை. நின்றது வேறொன்று. மடத்துச் சுவரில் ஒரு திறப்பு. அது வழியாகச் சமையற்கட்டுக் கழிவைச் சரிவில் தள்ளிவிடுகிறார்கள். கீழே கந்தல் சுற்றிய சனங்கள் அதற்காகக் காத்துக் கிடக்கிறார்கள், அள்ளுகிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள். சில வினாடிக் காட்சிதான்.

எனக்கு அந்தச் சரிவு தெரியும். என் அம்மா பல வருஷம் ஒரு கன்னியர் மடத்தில் மாவாட்டினாள், பாத்திரம் கழுவினாள். சாயந்திரமானால் தூக்குவாளியில் மிச்சச் சோறு வரும். அதைத் தின்று வளர்ந்தவன் நான். அந்த மடத்திலும் மாடியில் புத்தக அறை இருந்ததாம். "உள்ள என்னம்மா வச்சிருக்காங்க?" என்று ஒருதரம் கேட்டேன். "எனக்கெப்பிடிரா தெரியும்? நாம சமையக்கட்டோட சரி" என்றாள். அதனால்தான் இந்த நாவலையும், அது பேசுகிற ஐரோப்பிய மடங்களையும் சமையற்கட்டிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.

நாவல் வந்தது 1980இல், இத்தாலிய மொழியில். 1983இல் ஆங்கிலம், 1986இல் சினிமா. கதை நடப்பது 1327 நவம்பர் கடைசியில், வட இத்தாலிய மலைமேல் உள்ள ஒரு பெனடிக்ட் சபை மடத்தில், ஏழே நாளில். துறவிகள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். வில்லியம் என்ற பிரான்சிஸ்கன் துறவி துப்புத் துலக்குகிறார். கடைசியில் எல்லாச் சாவுக்கும் காரணம் ஒரு புத்தகம். நகைச்சுவை பற்றி அரிஸ்டாட்டில் எழுதித் தொலைந்துபோனதாகச் சொல்லப்படும் புத்தகம். அது வெளியே போனால் பயம் போய்விடும், பயம் போனால் கடவுள் போய்விடுவார் என்று நினைக்கும் குருட்டுக் கிழவர் ஹோர்ஹே அதை விஷம் தடவி வைத்திருக்கிறார். ஆக, ஒரு புத்தகத்தைப் படிக்கவிடாமல் தடுத்த கதை. யாரைத் தடுத்த கதை? ஏற்கெனவே நூறு புத்தகம் படித்த துறவிகளை.

அதே மடத்துச் சமையற்கட்டுக்கு ஒரு பெண் ராத்திரியில் வருகிறாள். கீழே ஊரைச் சேர்ந்தவள். உடம்பைக் கொடுத்துவிட்டு இறைச்சி வாங்கிப்போக வருகிறாள். அவள் விட்டுப்போன மூட்டையில் இருப்பது ரத்தம் காயாத ஒரு விலங்கின் இதயம். கதைசொல்லி அட்ஸோவின் வாழ்க்கையில் அவன் அறிந்த ஒரே பெண் அவள்தான். அவள் பேசியது அவனுக்குப் புரியவில்லை. அவள் பெயர் கடைசிவரை தெரியாது. சூனியக்காரி என்று அவளைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள், எரிப்பதற்கு. சினிமாவில் மட்டும் அவளைப் பிழைக்க வைத்தார்கள். பெயர்களைப் பற்றிய இந்த நாவலில் பெயர் கிடைக்காதவள் பசித்தவள்.

எக்கோவைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. விலக்கப்பட்டவர்களைப் பற்றி அந்த நாவலில் வில்லியம் நிறையப் பேசுகிறார். தொழுநோயாளிகள், பரதேசிகள், நிலமில்லாதவர்கள் ஏன் கலகச் சபைகளின் பின்னால் போனார்கள் என்று பேசுகிறார். எல்லா மொழியும் கலந்து எந்த மொழியும் ஆகாத ஒரு பேச்சைப் பேசும் சால்வதோரே, பசியால் அலைந்த அடித்தள மக்களின் உருவம்தான். எக்கோ கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஆனால் கதையின் மர்மம் முழுக்க ஒரு புத்தகத்துக்கு விதித்த தடையில் இருக்கிறது. அதைவிடப் பெரிய தடை ஒன்று மடங்களின் சொந்தச் சட்டத்திலேயே எழுதிக் கிடக்கிறது. அதைத் துலக்க வில்லியம் தேவையில்லை. எந்தப் புத்தகமும் கூடாது என்று ஒரு கூட்டத்துக்கே சொன்ன சட்டம் அது.

கொஞ்சம் பின்னால் போவோம். நம் கோயில்களில் ஆசீர்வாதப்பர் என்று சுரூபம் வைத்திருக்கும் பெனடிக்ட், ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியின் மோந்தே காசினோவில் எழுதிய ஒழுங்கு நூலில் 73 அத்தியாயங்கள். படித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அடிமையாய்ப் பிறந்தவன் மடத்துக்குள் வந்தால், சுதந்திரனாய்ப் பிறந்தவனை அவனுக்கு மேலே வைக்கக் கூடாது என்கிறார். யார் முதலில் வந்தார்களோ அவர்களே மூத்தவர்கள். சமையற்கட்டு வேலை வாரம் ஒருவருக்கு, முறை வைத்து. சொந்தச் சொத்து யாருக்கும் கிடையாது. கைவேலை செய்து பிழைத்தால்தான் உண்மையான துறவி. தவக்காலம் தொடங்கும்போது ஒவ்வொருவருக்கும் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொடுக்க வேண்டும், முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டும். ஆளுக்கொரு சோறு, ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு புத்தகம்.

அப்புறம் என்ன ஆயிற்று? நிலம் வந்தது. பிரபுக்கள் தங்கள் ஆன்மாவுக்காகக் கிராமம் கிராமமாக எழுதிவைத்தார்கள். 910இல் பிரான்சில் தொடங்கிய குளூனி மடத்தில் செபமே முழுநேர வேலை ஆனது. 1088இல் அவர்கள் எழுப்பத் தொடங்கிய கோயில் ஏறத்தாழ 187 மீட்டர் நீளம். இத்தனை செபத்துக்கும் இத்தனை கல்லுக்கும் உழுதது யார்? நிலத்தோடு கட்டப்பட்ட பண்ணையாட்கள். 'உழைப்பே செபம்' என்பது பெனடிக்ட் சொன்னது என்று இப்போதும் சிலர் மேடையில் முழங்குகிறார்கள். அவர் நூலில் அந்த வாக்கியம் கிடையாது. அவர் காலத்தில் உழைப்பும் செபமும் ஒரே ஆளிடம் இருந்தன. பிறகு ஒருவன் செபித்தான், இன்னொருவன் உழைத்தான்.

இதை எதிர்த்துக் கிளம்பியவர்கள்தான் சிஸ்டர்சியன்கள். 1098இல் சிதோ என்ற காட்டுப்பகுதியில் தொடங்கினார்கள். பண்ணையாட்கள் வேண்டாம், வரி வருமானம் வேண்டாம், நாங்களே உழுவோம் என்றார்கள். நல்ல கலகம்தான். ஆனால் ராத்திரியும் பகலும் ஏழெட்டு வேளை கோயிலில் சங்கீதம் பாடிக்கொண்டு எப்படி உழுவது? அவர்களுடைய ஆரம்ப வரலாற்று நூலே ஒளிக்காமல் சொல்கிறது: துணையாட்கள் இல்லாமல் ஒழுங்கைக் காப்பாற்ற முடியாது என்று கண்டு, தாடி வைத்த சகோதரர்களைச் சேர்த்துக்கொண்டார்களாம். வாழ்விலும் சாவிலும் தங்களைப் போலவே நடத்துவதாக முடிவு செய்தார்களாம், துறவி நிலை ஒன்று மட்டும் நீங்கலாக. அந்த 'நீங்கலாக'வில்தான் எல்லாம் இருக்கிறது.

இவர்களுக்கு லத்தீனில் கொன்வெர்சி என்று பெயர். மனந்திரும்பியவர்கள் என்று பொருள். மந்தை மேய்த்தவர்கள், உழுதவர்கள், திராட்சை பயிரிட்டவர்கள், நெய்தவர்கள், தோல் பதனிட்டவர்கள், செருப்புத் தைத்தவர்கள் இவர்கள்தான். இங்கிலாந்தில் ரீவோ மடத்தில் ஏல்ரெட் தலைவராக இருந்த காலத்தில் (1147-1167) துறவிகள் 140 பேர், கொன்வெர்சிகளும் வேலையாட்களும் 500 பேர் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர் பெருமையாகச் சொல்கிறார். மடத்தின் மேற்குப் பக்கக் கட்டடம் இவர்களுக்கு. தனிப் படுக்கை, தனிச் சாப்பாட்டுக் கூடம். கோயிலுக்குள் குறுக்கே ஒரு தடுப்பு. பீடத்துப் பக்கம் துறவிகள், வாசல் பக்கம் கொன்வெர்சிகள். சில மடங்களில் இவர்கள் கோயிலுக்குப் போய்வர உள்முற்றத்தைத் தொடாத ஒரு தனிச் சந்தே கட்டியிருக்கிறார்கள். மடத்தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் இவர்களுக்கு வாக்கு இல்லை. ஒருதரம் கொன்வெர்சி என்றால் சாகும்வரை கொன்வெர்சி. 1188இல் சபையின் பொதுக்கூட்டம் இன்னும் ஒன்று முடிவு செய்தது: பிரபு குலத்தார் வந்தால் அவர்களைத் துறவிகளாக்க வேண்டும், கொன்வெர்சிகளாக்கக் கூடாது. அடிமையைச் சுதந்திரனுக்குக் கீழே வைக்காதே என்ற பெனடிக்டின் பிள்ளைகள் செய்த தீர்மானம் இது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் கொன்வெர்சிகளுக்கென்று தனிச் சட்டநூல் எழுதினார்கள். அதில் புத்தகத் தடை வருகிறது. எந்தக் கொன்வெர்சியும் புத்தகம் வைத்திருக்கக் கூடாது. கர்த்தர் கற்பித்த செபம், விசுவாசப் பிரமாணம், 'இறைவா என்மேல் இரக்கமாயிரும்' என்ற சங்கீதம், இன்னும் விதித்த சிலது. இவ்வளவுதான் கற்கலாம். அதையும் வாயால் மனப்பாடமாகத்தான், எழுத்தைப் பார்த்து அல்ல. தவக்காலத்தில் ஆளுக்கொரு புத்தகம் என்று சொன்ன ஒழுங்கு எங்கே, இது எங்கே! அதே சட்டநூலின் முன்னுரை இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறது. இவர்கள் எளிய சனம்தானே என்று இளக்காரமாக நினைத்து, சோற்றையும் துணியையும் குறைத்து, வேலையை மட்டும் கூட்டி வாங்குகிற மடத்தலைவர்கள் இருக்கிறார்கள் என்று அது கண்டிக்கிறது. எஜமானே எழுதிய ஒப்புதல் வாக்குமூலம். நாம் வேறு சாட்சி தேட வேண்டியதில்லை.

இப்போது இரண்டு எழுத்தாளர்களிடம் வருகிறேன். நம் விமர்சகர்கள் எக்கோவைப் படித்த அளவு இவர்களைப் படித்ததில்லை.

முதலாமவர் கொன்ராட். சிஸ்டர்சியன் சபையின் 'பெரிய தொடக்க வரலாறு' என்ற லத்தீன் நூலை எழுதியவர். ஜெர்மனியில் எபர்பாக் மடத்துத் துறவி. 1221இல் அங்கே தலைவராகி அந்த வருஷமே இறந்தார். அவர் நூலில் இரண்டு கொன்வெர்சிக் கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று: ஒரு கொன்வெர்சி ஏர் ஓட்டுவதாகக் கனவு காண்கிறார். மாடுகளின் மறுபக்கம் கிறிஸ்துவே தார்க்குச்சி பிடித்துக்கொண்டு கூட நடந்து வருகிறார். என்ன அழகான படிமம்! உழுகிறவனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை எந்த இலக்கியத்தில் உண்டு என்று தோன்றும்.

இரண்டு: எபர்பாக்கின் கிளைமடமான ஷோனாவில், 1160களில், துறவிகளுக்குக் கிடைத்ததுபோல வருஷத்துக்கொருதரம் தங்களுக்கும் கிடைத்துவந்த புது பூட்ஸைப் புதிய மடத்தலைவர் நிறுத்திவிட்டார் என்று கொன்வெர்சிகள் கொதிக்கிறார்கள். துறவிகள் படுக்கும் கூடத்துக்குள் புகுந்து அவர்களுடைய பூட்ஸைத் துண்டுதுண்டாக வெட்டிப்போடுவது என்று திட்டம். ஆளை வெட்டவில்லை, பூட்ஸை வெட்டப் போகிறார்கள். திட்டம் நிறைவேறுமுன் அவர்களுக்குத் தலைமை தாங்கியவன் திடீரென்று செத்துப்போகிறான். கடவுளின் தண்டனை என்று மற்றவர்கள் நடுங்கி மன்னிப்புக் கேட்கிறார்கள். கதை முற்றும். ஆக, நீ உழுதால் கடவுள் கூட வந்து தார்க்குச்சி பிடிப்பார். நீ பூட்ஸ் கேட்டால் அதே கடவுள் உன்னைச் சாகடிப்பார். மடத்துச் செருப்புப் பட்டறையில் உட்கார்ந்து தைத்த கைகளும் கொன்வெர்சிகளின் கைகளே என்பதை நினைத்துக்கொண்டு இந்தக் கதையைப் படியுங்கள். செருப்பு வெறும் தோல் இல்லை என்று நம்மிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை. தெருவில் அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

இன்னொரு செய்தி. 'ரோஜாவின் பெயர்' படத்தின் உட்காட்சிகள் பலவற்றை எடுத்தது இதே எபர்பாக் மடத்தில்தான். பூட்ஸ் கதையை எழுதியவரின் வீட்டிலேயே நூலகக் கதையைப் படமாக்கினார்கள்.

இரண்டாமவர் சேசாரியுஸ். ரைன் நதிப்பக்கம் ஹைஸ்டர்பாக் மடத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் சொன்னவர். 1220ஐ ஒட்டி எழுதிய 'அற்புதங்களின் உரையாடல்' அவருடைய நூல். அதில் ஒரு கொன்வெர்சி துறவிகளிடமிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக எழுத்துக் கற்றுக்கொள்கிறான். வாசிக்க வந்துவிடுகிறது. ரகசியமாகத் தனக்குப் புத்தகங்கள் எழுதி வாங்குகிறான். தடுக்கிறார்கள். படிக்கும் ஆசையில் மடத்தைவிட்டே போகிறான், வருகிறான், மறுபடி போகிறான். பிசாசு தேவதூதன் வேடத்தில் வந்து, நீ ஹால்பர்ஷ்டாட் ஊருக்கு ஆயராவாய் என்று சொல்கிறது. நம்பிக் கிளம்பியவன் வழியில் ஒரு குதிரையைத் திருடுகிறான். மாட்டுகிறான். தூக்கு.

எழுத்துக் கற்றவன் தூக்கில் முடிகிறான். சேசாரியுஸ் இதைச் சோதனை பற்றிய பாடமாகச் சொல்கிறார். எழுத்தே அவனுக்குச் சோதனையாம். துறவிக்கு எது தவக்கால ஒழுங்கோ அது கொன்வெர்சிக்குப் பிசாசின் வலை. இந்தக் கதையை நாம் வேறு பெயரில் கேட்டிருக்கிறோம், தவம் செய்ததற்காகத் தலை போனவனின் கதையாக. அதனால் கதை கட்டுகிறவரின் கைவேலை நமக்குச் சட்டென்று பிடிபடுகிறது. குதிரைத் திருட்டு எதற்குக் கதைக்குள் வந்தது? படித்ததற்காக ஒருவனைத் தூக்கில் போட்டதாகச் சொன்னால் கேட்கும் இளந்துறவி முகம் சுளிப்பான். திருடன் என்றால் தலையாட்டுவான்.

இங்கே நண்பர்கள் சிலர் கேட்பார்கள்: அப்படியானால் ஐரோப்பாவிலும் சாதி இருந்தது என்கிறீரா? இல்லை. அவசரப்பட்டு அப்படி எழுதினால் நம் வலியையும் அவர்கள் வலியையும் ஒருசேரக் குழப்பிவிடுவோம். கொன்வெர்சி பிறப்பால் கொன்வெர்சி இல்லை. அவனாக வந்து வாசலைத் தட்டியவன். துறவறம் என்பதால் அவனுக்குப் பிள்ளை கிடையாது. அவன் நிலை அடுத்த தலைமுறைக்கு இறங்கவில்லை. பண்ணையாளாகப் பட்டினி கிடந்தவனுக்கு மடத்தில் நிச்சயமான சோறும், செத்தால் துறவிக்குப் போலச் செபமும் கிடைத்தன. தீட்டும் இல்லை. இதைப் பாருங்கள்: அவர்களுடைய வேதமே தோலில் எழுதியது. 716க்கு முன்னால் இங்கிலாந்தில் வேர்மவுத்-ஜாரோ மடத்தில் எழுதிய ஒரே ஒரு முழு பைபிளுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட கன்றுத் தோல் ஆகியிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உரித்து, ஊறவைத்து, சுரண்டி, இழுத்துக் கட்டிக் காயவைத்த கைகள் இல்லாமல் அங்கே ஒரு வசனமும் இல்லை. செத்த மாட்டின் தோலில் கடவுளின் வார்த்தை எழுதியதால் கடவுள் தீட்டாகிவிடவில்லை. நம்மூர்ச் சனாதனிகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆனால் தீட்டு இல்லாத இடத்திலும் எழுத்தைப் பூட்டிவைக்க முடிந்திருக்கிறது என்பதுதான் நான் சொல்லவருவது. தோலைத் தொடலாம், அதில் எழுதியதைப் படிக்கக் கூடாது. அங்கே பிறப்பைக் காட்டவில்லை, உன் எளிமைக்கு அதுதான் நல்லது என்றார்கள். படிக்காதே என்பதைப் பக்தியாகவே மாற்றினார்கள்.

பூட்டு எப்போதும் நின்றதா? இல்லை. பிரான்சில் கிராமோன் என்ற சபையில் நிலம், பணம், களஞ்சியம் எல்லாம் கொன்வெர்சிகள் பொறுப்பில் இருந்தது; குருத்துவம் பெற்றவர்கள் செபத்தோடு நின்றார்கள். 1180களில் அங்கே கொன்வெர்சிகள் தங்கள் தலைவரையே பதவியிலிருந்து இறக்கினார்கள். அரசனும் போப்பும் தலையிட வேண்டிவந்தது. மற்ற மடங்களிலும் கலகம் தொடர்ந்தது. பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளில் கொன்வெர்சிகள் குறைந்துகொண்டே போனார்கள், மடங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டன. 1525இல் ஜெர்மன் உழவர் எழுச்சியின்போது ரைங்காவ் பகுதி உழவர்கள் எபர்பாக் மடத்தருகே முகாமிட்டு, 1500இல் செய்த பிரம்மாண்டமான மதுப் பீப்பாயைக் குடித்துத் தீர்த்தார்கள். பாட்டன் பூட்டன் கை பட்ட திராட்சைத் தோட்டம். எபர்பாக் மடம் 1803இல் கலைக்கப்பட்டது. கொன்வெர்சிகளின் சாப்பாட்டுக் கூடத்தில் இப்போது பழைய மரத் திராட்சைச் செக்குகளைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கலகங்கள் எல்லாம் நமக்குத் தெரிவது யார் வழியாக? எழுதத் தெரிந்த துறவிகள் வழியாக. பூட்ஸ் கேட்டவர்கள் ஒரு வரி எழுதவில்லை, எழுத விடவில்லை. அதனால் கொன்ராடையும் சேசாரியுஸையும் தூக்கி எறிய முடியாது. அவர்களைத்தான் திருப்பிப் போட்டுப் படிக்க வேண்டும். தண்டனை என்று அவர் எழுதுகிற இடத்தில் ஒரு கோரிக்கை இருக்கிறது. பிசாசு என்று எழுதுகிற இடத்தில் ஒரு ஆசை இருக்கிறது. அற்புதக் கதையின் நீதியை உரித்துப் போட்டால் உள்ளே ஒரு சம்பவம் கிடைக்கிறது: ஆட்கள் கூடினார்கள், பேசினார்கள், சமமாகக் கொடு என்றார்கள். நம்முடைய தலபுராணங்களையும் கல்வெட்டுகளையும் மிஷனரிக் கடிதங்களையும் படிப்பதற்கும் இந்தப் பயிற்சி உதவும். அவற்றிலும் நம் ஆட்கள் தண்டனை வாங்கும்போது மட்டும்தான் தலைகாட்டுகிறார்கள்.

எக்கோவின் நூலகம் கடைசியில் எரிந்துபோகிறது. அட்ஸோ கிழவனாகிய பிறகும் அந்தச் சாம்பலுக்காக வருத்தப்படுகிறான். தோழர்களும் அன்றைக்கு டீக்கடையில் வருத்தப்பட்டார்கள். எனக்கும் வருத்தம்தான், புத்தகம் எரிந்தால் யாருக்கு நல்லது? ஆனால் அந்தப் பெண்ணுக்காக, செத்தவர்களுக்குப் பாடுகிற சங்கீதத்தை ஒருவரும் பாடவில்லையே என்று யாரும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். ஏர்க்காலில் கிறிஸ்து நடந்துவந்த கதைக்கு, "நல்லாருக்கு" என்றாள். பூட்ஸ் கதைக்குச் சிரித்தாள். வாசிக்கக் கற்றவனைத் தூக்கில் போட்டார்கள் என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அவன் என்னடா படிச்சான்?" என்று கேட்டாள்.

சேசாரியுஸ் அதை எழுதவில்லை.